உப்பளத்திலிருந்து செஞ்சி வரை: ஒரு சைக்கிள் ரூட்டும் இரண்டு கிரியேட்டினின் ரிப்போர்ட்டும்

"டாக்டர், மரக்காணத்திலிருந்து செஞ்சிக்கு சைக்கிள்ல போனீங்களாமே, எந்த வழி, லாரித் தொல்லை இல்லாம போக முடியுமா?" இதே கேள்வியோட இன்பாக்ஸில் நிறைய பேர் வந்துட்டீங்க. ரூட்டைச் சொல்றேன். ஆனா ரூட்டோட சேர்த்து இன்னொரு விஷயமும் சொல்லணும். இழை நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

முதல்ல ஒண்ணு. நம்ம பக்கம் சைக்கிள் ஓட்டுறவங்க எல்லாரும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே வடக்கும் தெற்குமா ஓட்டிக்கிட்டிருக்கோம். விடுமுறை நாள் காலையில் அந்த ரோட்டில் கார் போகிற வேகத்தைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்கும். சாலையை அகலப்படுத்துற வேலை வேற. மரக்காணம் வந்ததும் மேற்கே திரும்பிடுங்க. அதுதான் என் ரூட்டின் ரகசியம் மொத்தமும்.

விடியறதுக்கு முன்னாடி மரக்காணத்தில் இருக்கணும். ரோட்டோரத்தில் பாத்தி பாத்தியா தண்ணி, நடுவில் வரப்பு, அங்கங்கே வெள்ளை அம்பாரம். இருட்டு முழுசா விலகாதப்பவே ஆட்கள் இறங்கியிருப்பாங்க. நீளக் கம்பு முனையில் பலகை வெச்சு, தண்ணிக்கு அடியில் படிஞ்ச உப்பைக் கூட்டி வரப்போரம் ஒதுக்குவாங்க. அந்தப் பலகை பாத்தித் தரையை உரசுற சத்தம் ரோடு வரைக்கும் கேக்கும். சைக்கிள்ல போனாத்தான் கேக்கும், கார்ல கேக்காது.

கடல் தண்ணியில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அது வெயிலில் வத்தி வத்தி, போமே அளவில் 25 டிகிரி தொட்டாத்தான் சமையல் உப்பு படிகமா இறங்கும். அதுக்கும் மேல ரொம்ப வத்தவிட்டா கசப்பு உப்புகள் சேர்ந்து சரக்கு கெட்டுப்போகும். இதையெல்லாம் தண்ணியோட நிறத்தையும் வழுவழுப்பையும் வெச்சே சொல்லிடுற ஆட்கள் அங்கே இருக்காங்க. தை, மாசியில் தொடங்கி புரட்டாசி வரைக்கும் வேலை. வடகிழக்குப் பருவமழை வந்தா பாத்தி முழுக்க வெள்ளம், கையில் காசு கிடையாது. அந்த மாதங்களுக்குத்தான் உப்பளத் தொழிலாளர்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்குது.

தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியா தமிழ்நாட்டில் உப்புக்குப் பேர் போன ஊர் இது. பக்கிங்காம் கால்வாய் ஆந்திராவில் புறப்பட்டு வந்து முடியுறதும் இங்கேதான். தெற்கே கழுவெளி. எடையன்திட்டு கழிமுகம் வழியா கடலோடு சேருற பெரிய சதுப்பு ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 5,151 ஹெக்டேர். மார்கழியில் போனீங்கன்னா பூநாரை பாக்கலாம். பூநாரை பாக்கிறேன்னு சைக்கிளைச் சேத்துல இறக்கிடாதீங்க, நான் இறக்கியிருக்கேன்.

இப்ப ரூட். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் 30 சொச்சம் கிலோமீட்டர். பிரம்மதேசம், பெருமுக்கல் வழி. உப்பு லாரி கொஞ்சம் ஓடும், ஆனா காலை ஆறரை வரைக்கும் சாலை உங்களுக்குத்தான். லாரியிலிருந்து சொட்டுற உப்புத் தண்ணி ரோட்டில் கோடு போட்டிருக்கும். அதுமேல ஓட்டிட்டு வீட்டுக்கு வந்து செயினைக் கழுவாம விட்டா ஒரே வாரத்தில் துரு. இது அனுபவம்.

உப்பு வாசனை விட்டுப்போய், புளியமரமும் பனையும் ஆரம்பிக்கிற இடத்தில் காத்தே மாறும். அறுவடைக் காலத்தில் நெல்லும் மல்லாட்டையும் பாதி ரோட்டை அடைச்சுக் காயும். (வெளியூர்க்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா நிலக்கடலை. எங்க ஊர்ல வேற எப்படிச் சொன்னாலும் கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பார்.) அந்த மல்லாட்டை மேல டயரை ஏத்தாதீங்க. ஏத்தினா வழுக்கும். வழுக்காட்டி ஆயா திட்டும்.

பெருமுக்கல் மலை திடீர்னு எழுந்து நிக்கும். சுத்தி சமவெளி, நடுவில் கருங்கல் குவியல். மேலே சிவன் கோயில், இடிஞ்ச கோட்டைச் சுவர், குகையில் ஆதி மனுஷன் கீறி வெச்ச கோடுகள். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஹைதர் அலின்னு எல்லாரும் இந்தக் குன்றுக்காக அடிச்சுக்கிட்டாங்க. வெள்ளைக்காரன் எழுதினதில் "பெர்மாகாயில்"னு தேடினா கிடைக்கும். கடலோரத்திலிருந்து வர்றவங்களுக்கு முதல் மலை இதுதான். இங்கிருந்து செஞ்சி வரைக்கும் பாறை கூடிக்கிட்டே போகும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாம போக மனசு வரலை. இந்த வழியை நான் கண்டுபிடிக்கலை. சங்க இலக்கியத்தில் சிறுபாணாற்றுப்படைன்னு ஒண்ணு, நத்தத்தனார் பாடினது. பரிசு வாங்கிட்டு வந்த பாணன் எதிர்ல வர்ற இன்னொரு பாணனுக்கு வழி சொல்றான்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், அப்புறம் நல்லியக்கோடனோட கிடங்கில். எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான், வேலூர் இங்கிருக்கிற உப்புவேலூர்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. கிடங்கில் இன்னைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே ஒரு பகுதி. எந்த ஊரில் யார் என்ன சாப்பாடு போடுவாங்கன்னு வரைக்கும் அந்தப் பாட்டில் வரும். கடலோரத்தில் மீன், எயினர் ஊரில் புளிச்சோறு. இதைவிட நல்ல ரூட் மேப் எந்த ஆப்பிலும் இல்லை.

அதே பாட்டில் உமணர் வருவாங்க. உப்பு வணிகர்கள். வண்டியில் உப்பை ஏத்திக்கிட்டு கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்குப் போற கூட்டம். கூடவே ஒரு குரங்கு, முத்தைச் சிப்பிக்குள்ள போட்டு கிலுகிலுப்பை மாதிரி ஆட்டி உமணர் பிள்ளைகளோட விளையாடும். பெருமுக்கல் ஏத்தத்தில் மூச்சு வாங்குறப்ப எனக்கு அந்தக் குரங்கு ஞாபகம் வரும். ஏன்னு கேக்காதீங்க.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி ஏறக்குறைய 28 கிலோமீட்டர். திருவண்ணாமலை போற பஸ்ஸும் லாரியும் அந்த நெடுஞ்சாலையில்தான் பறக்கும். பௌர்ணமி நாள்ல அந்தப் பக்கமே தலை வெக்காதீங்க. நெடுஞ்சாலையை விட்டு உள்ளே பிரியுற ஊர்ச்சாலைகள்ல மேல்சித்தாமூர் வழியா போங்க. கொஞ்சம் சுத்து. ஆனா எதிர்ல வர்றது ஒரு டிராக்டர், ரெண்டு ஆட்டு மந்தை, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க, அவ்வளவுதான். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களோட மடம் இருக்கு. "இங்கே சமணர் இருக்காங்களா?"ன்னு ஆச்சரியப்படுற சென்னை நண்பர்களைக் கூட்டிட்டுப் போறது எனக்குப் பிடிச்ச பொழுதுபோக்கு.

செஞ்சி நெருங்க நெருங்க மலை மலையா இல்லாம, யாரோ உருண்டைக் கல்லைக் கொட்டிட்டுப் போன மாதிரி இருக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூணையும் மதில் ஒண்ணா வளைச்சிருக்கும். 1677ல் சிவாஜி பிடிச்சார். அவர் மகன் ராஜாராம் இதுக்குள்ள உக்காந்துக்கிட்டு முகலாயப் படையை 1698 வரைக்கும் இழுத்தடிச்சார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் வந்தாச்சு. தேசிங்கு ராஜன் டெல்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரையை அடக்கினான்னு கதைப்பாட்டு சொல்லும். என் வாகனம் செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் சைக்கிள், அதுவே சொன்ன பேச்சு கேக்காது.

கோட்டைக்குக் கூட்டம் போகும். நீங்க சிங்கவரம், திருநாதர் குன்று பக்கம் சைக்கிளைத் திருப்புங்க. ஊருக்கு வடக்கே, பக்கத்திலேயே. சிங்கவரத்தில் குடைவரையில் ரங்கநாதர் படுத்திருக்கார். திருநாதர் குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர். பக்கத்திலேயே ஒரு பழைய கல்வெட்டு: சந்திரநந்தின்னு ஒரு சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் விட்ட இடம் இதுன்னு. டாக்டர் புத்தி இருக்கே, அந்த எழுத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு, எத்தனாவது நாள்ல பொட்டாசியம் என்ன ஆகியிருக்கும்னு கணக்குப் போட்டேன். அப்புறம் வெக்கமாயிடுச்சு.

சரி, ரூட் முடிஞ்சது. இனிமே நான் சொல்ல வந்தது.

இந்த ஏப்ரல்ல ஒரு ஞாயித்துக்கிழமை. முட்டி வலி எனக்குப் பழசு. முந்தின நாள் ராத்திரி ஒரு டைக்ளோபினாக் போட்டேன். காலையில் கிளம்புறப்ப இன்னொண்ணு. நோயாளி யாராவது இப்படிச் சொன்னா நான் ஒரு பத்து நிமிஷம் பாடம் எடுப்பேன். எனக்கு நானே பாடம் எடுத்துக்கலை.

தண்ணி ரெண்டு பாட்டில் இருந்தது. செஞ்சி போய்ச் சேர்ற வரைக்கும் ஒண்ணைக்கூட முழுசா குடிக்கலை. காரணம் தாகம் இல்லாதது கிடையாது. பொம்பளைங்க படிக்கிறவங்களுக்குப் புரியும். குடிச்சா இறங்கணும், இறங்கினா இடம் வேணும். திண்டிவனம் தாண்டினா ஒழுங்கா ஒரு கழிப்பறைக்கு பெட்ரோல் பங்க்கை நம்பணும். ஊர்ச்சாலையில் பங்க் ஏது? "ஆம்பளைங்களோட போனா வண்டியை நிறுத்தச் சொல்ல ஒரு மாதிரி இருக்கும்"னு கல்லூரிக் காலத்தில் பஸ் டூர்ல பழகின பழக்கம், இன்னும் போகலை. வாயை நனைச்சுக்கிட்டே ஓட்டினேன்.

மேல்சித்தாமூரில் நேரம் போனது தெரியலை. செஞ்சியில் இட்லி. திரும்பக் கிளம்புறப்ப மணி பத்தரை. இன்னொரு கணக்குப் பிழையும் சேர்ந்தது. நம்ம கரையில் வெயில் ஏறினதும் கடல்காத்து உள்ளே அடிக்க ஆரம்பிக்கும். ஊருக்கெல்லாம் அது வரம். கிழக்கே பாத்து சைக்கிள் ஓட்டுறவங்களுக்கு எதிர்க்காத்து. அது கிளம்புற வரைக்கும் அனல், கிளம்பினதும் முகத்துக்கு நேரா ஒரு கை வெச்சுத் தள்ளுற மாதிரி.

திண்டிவனம் தாண்டினதும் தொடை பிடிச்சது. பெருமுக்கல் கிட்ட வாந்தி. புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்ச்சிட்டு உக்காந்தேன். வேர்வை நின்னுபோச்சா இல்லையான்னு கையைத் தொட்டுப் பாத்தேன். வேர்த்துக்கிட்டுத்தான் இருந்தது, புத்தி தெளிவா இருந்தது. ஹீட் ஸ்ட்ரோக் இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நுங்கு விக்கிற ஒருத்தர் கேக்காமலே நாலு நுங்கைச் சீவிக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன்னுட்டார். தம்பி வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போனான்.

சாயங்காலம் வீட்டில் சிறுநீர் கோலா நிறத்தில் போச்சு. ராத்திரியே ரத்தம் கொடுத்தேன். கிரியேட்டினின் 1.9. ஜனவரியில் எனக்கு 0.8. சிபிகே ஏகத்துக்கு எகிறியிருந்தது. ரெண்டு நாள் படுக்கையில் சலைன். பத்து நாள்ல 0.9க்கு இறங்கிடுச்சு. நான் தப்பிச்சேன்.

என்ன நடந்ததுன்னு சுருக்கமா. கிட்னிக்குள்ள ரத்தம் போற சின்னக் குழாய் இருக்கு. உடம்பில் தண்ணி குறைஞ்சா மத்த ரத்தக்குழாய் எல்லாம் சுருங்கும். கிட்னி மட்டும் புரோஸ்டாகிளாண்டின்னு ஒரு பொருளைச் சுரந்து, தன் வாசலைத் திறந்தே வெச்சுக்கும். டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுபுரூபன் மாதிரி வலி மாத்திரைங்க சுரக்கிற அந்தப் பொருளைத்தான் நிறுத்தும். வலி குறையுறதும் அதனாலதான். சாதாரண நாள்ல ஒண்ணும் ஆகாது. தண்ணி வத்தின நாள்ல வாசல் மூடிக்கும். அதோட தசை உடைஞ்சு வர்ற புரதம் வேற வடிகட்டியை அடைக்கும். கோலா நிறம் அதனாலதான்.

படுக்கையில் சொட்டு எண்ணிக்கிட்டிருந்தப்பத்தான் அந்த அக்கா ஞாபகம் வந்தது.

மரக்காணத்தில் நான் விடியக்காலை டீ குடிக்கிற கடையில் அவங்களும் குடிப்பாங்க. உப்பளத்தில் இருபது வருஷமா வேலை. (அவங்க அனுமதியோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாத மாதிரி சிலதை மாத்தியிருக்கேன்.) பிப்ரவரியில் ஒருநாள் கேட்டாங்க: "ஏம்மா, மெடிக்கல்ல ஒரு செவப்பு மாத்தர குடுக்கறான், ஒடம்பு வலிக்கு. அத தெனம் போடலாமா?"

நான் ஹெல்மெட் மாட்டிக்கிட்டே, "தினம் போடாதீங்க அக்கா, வயிறு புண்ணாயிடும்" என்றேன். வயிறு! அத்தோட கிளம்பிட்டேன். எனக்கு அவசரம், வெயில் ஏறிடும் பாருங்க.

உடம்பு தேறினதும் மே மாசம் போய்ப் பாத்தேன். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டேன். வேலைக்கு இறங்குறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு, கரையேறின அப்புறம் ஒரு சொம்பு. நடுவில?

"நடுவுல குடிச்சா ஒதுங்க எடம் எங்கம்மா இருக்கு? வெட்டவெளி. ஒரு செடி கெடையாது. சுத்தி ஆம்பளைங்க. எத்தினி வாட்டி கரையேறி ரோடு தாண்டிப் போறது? கூலி புடிச்சிப்பாங்க."

நான் ஒரு ஞாயித்துக்கிழமை செஞ்ச அதே மூணு காரியம். வெயிலில் கடும் உழைப்பு, தண்ணி குடிக்காம இருக்கிறது, வலி மாத்திரை. அவங்க எட்டு மாசம், வாரத்துக்கு ஆறு நாள், இருபது வருஷமா. அதுவும் உப்புத் தண்ணியில் நின்னு, வெள்ளைத் தரையிலிருந்து வெயில் திரும்பி முகத்தில் அடிக்க. எனக்கு மேல மட்டும்தான் சூரியன். அவங்களுக்குக் கீழயும்.

கெஞ்சிக் கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்தோம். சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. கிரியேட்டினின் 1.7.

நாங்க கல்லூரியில் படிச்சப்ப கிட்னி கெட்டா சர்க்கரை, பிரஷர், கல், இதைத் தேடுன்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. இவை எதுவுமே இல்லாம, வெயிலில் உழைக்கிற ஏழைகளுக்கு மட்டும் கிட்னி கெட்டுப்போற ஒரு நோய் உலகத்தில் பல இடத்தில் இருக்கு. எல் சால்வடார், நிகராகுவாவில் கரும்பு வெட்டுறவங்க. இலங்கையில் வடமத்திய மாகாணத்து விவசாயிகள். நம்ம பக்கத்திலேயே ஆந்திராவில் உத்தானம். காரணம் இதுதான்னு இன்னும் முடிவாகலை. தண்ணியில் இருக்கிற பொருள், பூச்சிமருந்துன்னு பலதைச் சந்தேகப்படுறாங்க. வெப்பமும் நீர்வத்தலும் அந்தப் பட்டியலில் முன்னாடி நிக்குது.

நம்ம உப்பளங்களிலும் பாத்திருக்காங்க. ஸ்ரீ ராமச்சந்திரா நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செஞ்சு 2023ல் வெளியிட்டாங்க. பெரும்பாலானவங்க பாதுகாப்பான அளவுக்கு மேல வெப்பத்தில் வேலை செய்யுறாங்க. 7 சதவீதம் பேருக்கு கிட்னி வடிகட்டும் திறன் குறைஞ்சிருந்தது. கழிப்பறை இல்லாததும் அந்த ஆய்வு பேசுற விஷயங்களில் ஒண்ணு. நான் அதைப் படிச்சிருந்தேன். ஷேர்கூட பண்ணியிருந்தேன். டீக்கடையில் ஒருத்தர் நேர்ல வந்து கேட்டப்ப வயித்தைப் பத்திப் பேசிட்டு வந்துட்டேன்.

உப்பைக் குறைங்க, நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே வெச்சுக்கோங்கன்னு தினமும் சொல்ற டாக்டர் நான். அதே வாயால அக்காவுக்கு உப்புக் கரைசல் குடிக்கச் சொன்னேன். சிரிச்சாங்க. "உப்புல நிக்கிறவளுக்கு உப்பு குடுக்கறியா?" ஆமா அக்கா. மணிக்கு ஒரு லிட்டர் வேர்த்தா அதோட சோடியமும் போகும். வெறும் தண்ணியா மட்டும் குடம் குடமா ஊத்துனா ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அது தனி ஆபத்து. சைக்கிள்காரங்களுக்கும் இதே கதைதான். ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இல்லைன்னா கடையில் ஓஆர்எஸ் பொட்டலம். "ஓஆர்எஸ்" மாதிரி பேர் போட்டு டெட்ரா பாக்கெட்ல விக்கிற இனிப்புத் தண்ணி வேண்டாம், பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கான்னு பாருங்க. நீர்மோர், பழைய சோத்துத் தண்ணியில் உப்புப் போட்டுக் குடிக்கிறது ரெண்டுமே நல்லது. சர்க்கரை, பிரஷர், இதயம், கிட்னி நோய்க்கு ஏற்கெனவே மருந்து சாப்பிடுறவங்க உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. இந்த இழையை வெச்சு நீங்களா முடிவு பண்ணாதீங்க.

வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். "அப்ப வலிக்கு?" என்றாங்க. நியாயமான கேள்வி. பாராசிட்டமால், வெந்நீர் ஒத்தடம், ரெண்டு நாள் ஓய்வு. ஓய்வுன்னு சொன்னப்ப என் முகத்தையே பாத்தாங்க. அந்த வார்த்தையை எழுதித் தர எனக்குச் சுலபம்.

மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டங்களில் தண்ணி, நிழல், நேரத்துக்கு நேரம் ஓய்வு, இந்த மூணையும் ஒழுங்கா கொடுத்துப் பாத்தாங்க. கிட்னி பாதிப்பு குறைஞ்சது. பெரிய மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லை. நான் அக்கா வேலை பாக்கிற இடத்துப் பொறுப்பாளர்கிட்ட ஒரு மறைப்பு, ஒரு கழிப்பறைன்னு கேட்டேன். மரியாதையா பேசினார். "பாக்கலாம் மேடம்" என்றார். ஜூன் போச்சு, ஜூலை போச்சு.

அதுக்குள்ள இவங்களே ஒண்ணு செஞ்சுட்டாங்க. உப்பு அம்பாரத்தை மூட வந்த பனையோலையில் மிச்சத்தை எடுத்து, சவுக்குக் கம்பு நட்டு, வரப்பு முனையில் மூணு பக்கம் தட்டி கட்டியிருக்காங்க. மேலே கூரை இல்லை. கதவுக்குப் பழைய சேலை. நாலு பொம்பளைங்க சேர்ந்து ஒரு மதியத்தில் கட்டினது. காத்து அடிச்சா சாயுது, திரும்பக் கட்டுறாங்க. அக்கா இப்ப ரெண்டு லிட்டர் கேன் கொண்டுபோறாங்க. மத்தவங்க கிண்டல் பண்ணாங்களாம். இப்ப கேன் கொண்டுபோறவங்க நாலு பேர்.

ஜூன் கடைசியில் எடுத்தப்ப 1.3. குறைஞ்சிருக்கு, ஆனா இயல்பு கிடையாது. வடிகட்டும் திறன் 60க்குக் கீழே மூணு மாசம் தாண்டி நீடிச்சாத்தான் அதை நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்லுவோம். மூணு மாசம் இந்த வாரத்தோட முடியுது.

ரூட் கேட்டவங்களுக்கு, மறக்கறதுக்கு முன்னாடி: கார்த்திகைக்கு அப்புறம் மாசி வரைக்கும் போங்க. சித்திரை, வைகாசியில் வேண்டாம், வீரம் காட்டாதீங்க. ஒரே நாள்ல போய்த் திரும்பாதீங்க. செஞ்சியில் ராத்தங்கி, மறுநாள் விடியலில் கிளம்பினா காத்து எழும்புறதுக்குள்ள கடலைப் பாத்துடலாம். முட்டி வலிச்சா வண்டியை நிறுத்துங்க, மாத்திரை போட்டுக்கிட்டு ஓட்டாதீங்க. பொண்ணுங்க: பங்க்கிலே கேக்கக் கூச்சப்படாதீங்க. ஊர்ச்சாலையில் திண்ணையில் உக்காந்திருக்கிற ஏதாவது ஒரு ஆயாகிட்ட கேளுங்க. நான் மேல்சித்தாமூர் போற வழியில் கேட்டேன், பின்கட்டு வரைக்கும் கூட்டிட்டுப் போய் விட்டு, வரும்போது ஒரு படி மல்லாட்டையும் கட்டிக் கொடுத்தாங்க.

நேத்து காலையில் மரக்காணம் வழியா போனேன். ரோட்டிலிருந்தே அந்த ஓலைத் தட்டி தெரியுது. அக்கா பாத்தியில் இருந்தாங்க, பலகையைத் தூக்கிக் காட்டினாங்க. வியாழக்கிழமை ரத்தம் எடுக்க வர்றேன்னு சொல்லியிருக்காங்க. பேருந்துக்குக் காசு நான் தரக்கூடாதாம், அதைத் தனியா சொல்லி அனுப்பியிருந்தாங்க.